மூலையில் இருந்த முகம்

அண்ணன் செத்த மறுநாள் இலஞ்சியில் எங்கள் தெருமுனையில் கட்சிக்காரர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஓட்டுக் கேட்கும் பேனர்களுக்கு நடுவே அதையும் நெருக்கிக் கட்டியிருந்தார்கள். மேலே வரிசையாகத் தலைவர்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு வேட்பாளர், கை கூப்பிச் சிரித்துக்கொண்டு. அஞ்சலிக்கென்று வேறு படம் எடுக்க அவருக்கு நேரமில்லை போலும். மதினி வாசலில் நின்று வெகுநேரம் தேடினாள். "அவுக எங்கன இருக்காக தம்பி?" என்றாள். கீழே மூலையில் தபால்தலை மாதிரி இருந்தவனைக் கை நீட்டிக் காட்டினேன்.

அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டினான். தேர்தல் வந்தால் போதும், ஆட்டோவும் கட்சிக்கு, அவனும் கட்சிக்கு. தென்காசியிலிருந்து குற்றாலம் அருவிக்கரை வரை ஒரு மரம், ஒரு கம்பத்தை விடமாட்டான். "ஏலே, இடப்பக்கம் இழுலே, தலைவர் சரிஞ்சு நிக்காரு" என்று அவன் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். ஒரு நாள் தன் படமும் பெரிசாக வரும் என்பான். "உங்க மூஞ்சியப் போட்டா குத்தாலத்துக் கொரங்குகூட அந்தப் பக்கம் வராது" என்பாள் மதினி. அவன்தான் அதிகமாகச் சிரிப்பான். போன தேர்தலில், கோடை மழையில் நனைந்த மூங்கில் சாரத்தில் ஏறி அந்த வேட்பாளருக்கு வரவேற்பு பேனர் கட்டும்போது கால் வழுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அனுமதியில்லாத பேனர்களை எல்லாம் கழற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. அண்ணனையும் அவிழ்த்தார்கள். புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழியாதவள் வாசப்படி தாண்டக் கூடாது என்று வீடு நிறையப் பெண்கள் காவல் இருந்தார்கள். அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு மதினி தெருவில் ஓடினாள். "ஐயா, மத்ததெல்லாம் கொண்டு போங்க. அவுகளக் குப்பையில போட்டுராதீங்க. அந்த மூலைய மட்டும் அறுத்துத் தாங்கய்யா." வண்டியில் இருந்தவர் கத்தியை எடுத்து அறுத்துக் கொடுத்தார். மதினி அதற்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினாள். பாவி மனுஷன், பெரிசாக வர வேண்டும் என்றவன் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டான்.

இந்தத் தேர்தலிலும் அதே வேட்பாளர்தான். தெரு மறுபடி பேனரும் தோரணமுமாக மூச்சு முட்டிக் கிடக்கிறது. போன வாரம் மேளத்தோடு வீடு வீடாக வந்தவர் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தார். மதினி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாலை போட்ட படத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா இது?"

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரக" என்றாள் மதினி. அவர் கை கூப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஆத்திரத்தில் நான் வாசலுக்குப் பாய்ந்தேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு தம்பி. படம் ரொம்பச் சின்னதுல்லா, அதான் அவருக்கு அடையாளம் தெரியல" என்றாள்.