ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கோயில் கட்டினோம்

கோயில் கட்டும் வேலையில் ஆண்டவர் எப்போதும் கூடவே இருப்பார். கொத்தனார்தான் இருக்க மாட்டார். இந்த வேலையில் அடிபட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஒரு கக்கூஸாவது கட்டிப் பார்த்திருப்பீர்கள், புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் நான் ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்தவ உதவி அமைப்பில் இருந்தேன். கிராமங்களில் சின்னச் சின்னக் கோயில்கள் கட்டிக் கொடுப்பார்கள். வரைபடம் அங்கிருந்து வரும், கூடவே ஓர் ஆளும் வருவார். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். வேலைக்குப் பெயர் சைட் சூப்பர்வைசர். பாதி நேரம் மொழிபெயர்ப்பு. எனக்கு வாய்த்தவர் ஆலன். அறுபது தாண்டிய தச்சர். ஓய்வு பெற்றதும், தெரியாத தேசத்தில் கோயில் கட்டப் போகிறேன் என்று கிளம்பி வந்தவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நாற்பது குடும்பச் சபை ஒன்று இருந்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவர்களுக்குத்தான் கோயில்.

ஆலன் படித்த தமிழ்

ஆலனுக்குத் தமிழ் கற்றுக்கொள்ள ஆசை. என்னிடம் கேட்டிருக்கலாம். அவர் கருப்பசாமி கொத்தனாரின் வாயைப் பார்த்தே படித்தார். கொத்தனார் சித்தாள், கலவைக்காரர், லாரி டிரைவர் எல்லாரையும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதைச் சொல் என்று ஆலன் முடிவு செய்துவிட்டார்.

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஒருநாள் வேட்டி சட்டையில் வேலையைப் பார்க்க வந்தார். ஆலன் இரண்டு கையையும் கூப்பி, குனிந்து, "ஏலே, வாங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. தலைவர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஏலேன்னும் சொல்றாரு, வாங்கன்னும் சொல்றாரு. பாதி மரியாதை இருக்குல்ல, விடுங்க."

சீசன்

ஆகஸ்டில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். ஒரு வாரம் நன்றாக நடந்தது. அடுத்த திங்கட்கிழமை ஓர் ஆள்கூட இல்லை. தீபாவளி ஆர்டர் வந்து, கம்பெனி வேன்கள் விடியும் முன்பே ஊரை வாரிக்கொண்டு போயிருந்தன. சித்தாள்களும் போய்விட்டார்கள். கொத்தனார் மட்டும் வந்து, கலவை போட ஆளில்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். வேலை நிறுத்தமா என்று ஆலன் கேட்டார்.

சபைப் பெண்களில் மூத்தவர் ஞானம்மாள். பதினாறு வயதிலிருந்து பட்டாசுக்குத் திரி பின்னுகிறவர். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவரிடம், கோயிலைவிடத் தீபாவளி பெரிதா என்று ஆலன் என்னைக் கேட்கச் சொன்னார். நான் கொஞ்சம் நயமாகத்தான் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "தீபாவளி நல்லா இருந்தாத்தான் ஐயா எங்களுக்குக் கிறிஸ்மஸ்" என்றார்.

பொறி

தீபாவளி முடிந்து வேலை மறுபடி தொடங்கியது. சபைப் பெண்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து செங்கல் கைமாற்றிக் கொடுப்பார்கள், கூலி கிடையாது. ஒருநாள் வேனிலிருந்து இறங்கியவர்கள் அம்பது அடி தள்ளியே நின்றுவிட்டார்கள். ஆலன் கையசைத்துக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. நின்றுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆலனுக்கு மனசு விட்டுப்போனது. தான் ஏதோ தப்பாக நடந்துகொண்டதாக நினைத்து, கம்பி அறுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் குளித்து, வேறு சேலை கட்டி, ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள். ஞானம்மாள்தான் சொன்னார்: "மேலெல்லாம் வெடிமருந்து ஒட்டியிருக்கு. நீங்க கம்பி அறுக்கப் பொறி பறக்குது. ஒண்ணு மேல பட்டா, கோயில் இருக்கும் ஐயா, சபை இருக்காது."

வெடிச் சத்தம்

பங்குனி மாசம். சுவர் இடுப்பளவு வந்திருந்தது. மத்தியானம் வடக்கே ஒரு சத்தம். கல்குவாரி என்று நினைத்து ஆலன் வேலையைத் தொடர்ந்தார். கொத்தனாரின் கையிலிருந்து கரண்டி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார். தூரத்தில் வெள்ளையாகப் புகை எழும்பியது. அந்தப் பக்கத்துக் கம்பெனியில்தான் கருப்பசாமியின் மனைவி முத்துலட்சுமி வேலை பார்த்தாள்.

ஆலன் ஒன்றும் கேட்காமல் ஜீப்பை எடுத்தார். கம்பெனிக்குள் யாரையும் விடவில்லை. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் கருப்பசாமி சிமெண்டு காய்ந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். முத்துலட்சுமி உயிரோடு இருந்தாள். முழங்கைக்குக் கீழே தீக்காயம். கம்பெனியில் அவள் வேலை பார்த்த ரூமில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். இரண்டு வாசலில் ஒன்றைச் சரக்குப் பெட்டி அடைத்திருந்தது. மூன்று பேர் வெளியே வரவில்லை.

எப்படித் தப்பித்தாய் என்று ஆலன் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, இருந்தாலும் தமிழில் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்: "நான் வாசப்பக்கம் உக்காந்திருந்தேன். அம்புட்டுத்தான்."

கொத்தனார் விட்ட இடைவெளி

மூன்று வாரம் கழித்துக் கருப்பசாமி வேலைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஆலன் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் ஓர் அனுமதிக் காகிதத்துக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தேன். நாலாம் நாள் சைட்டுக்குப் போனால், இரண்டு பக்கச் சுவரிலும் நடுவே நாலடி அகலத்துக்குத் தரைவரை இடித்து விட்ட இடைவெளி. வரைபடத்தில் முன்பக்கம் ஒரே கதவு, அதுவும் உள்பக்கமாகத் திறப்பது. பக்கங்களில் கம்பி போட்ட ஜன்னல் மட்டும்தான்.

ஆலனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வரைபடத்தை மாற்றுகிற ஆளுக்குத் தன் ஊரில் அன்றோடு வேலை போய்விடும், உடனே அடைக்கச் சொல் என்றார். கருப்பசாமி கல் வைப்பதை நிறுத்தவில்லை. அவர் சபைக்காரர் இல்லை. மாரியம்மனுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறவர். சாதாரணமாக நான் எதையும் கொஞ்சம் தணித்துத்தான் மொழிபெயர்ப்பேன். அன்றைக்கு அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்: "நான் அடைக்க மாட்டேன், சார். வேற கொத்தனாரப் பாத்துக்கங்க. வர்றவன்கிட்டயும், உள்ள உக்காரப் போறது யாருன்னு சொல்லிட்டுக் கட்டச் சொல்லுங்க."

தபால்

ஆலன் ரொம்ப நேரம் மணல் குவியலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து டேப்பை எடுத்து அந்த இடைவெளிகளை அளந்தார். அன்றைக்கே தன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வர ஒரு மாசம் ஆயிற்று. எல்லா நாட்டுக்கும் ஒரே வரைபடம், மாற்ற அனுமதி இல்லை, அடைத்துவிடவும் என்று வந்தது.

அதற்குள் அவர் வேப்பமரம் வாங்கி இரண்டு இடைவெளிக்கும் கதவு இழைத்து முடித்திருந்தார். முன்கதவையும் கழற்றி, மூன்றையும் வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்டினார். கடிதத்தை எனக்கு மட்டும் காட்டினார், சபையாரிடம் சொல்ல வேண்டாம் என்றார். இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். வார்த்தை வார்த்தையாகத் தமிழிலேயே சொன்னார்: "மெதுவா படிக்கிறேன்."

பிரதிஷ்டை

கோயில் பிரதிஷ்டைக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஊரே வந்திருந்தது, கருப்பசாமியும் முத்துலட்சுமியும் புதுத்துணி கட்டி வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அதிகாரி கோயிலைச் சுற்றி நடந்தார். இவ்வளவு சின்னக் கட்டடத்துக்கு எதற்கு மூன்று கதவு என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

முத்துலட்சுமி எழுந்தாள். கையில் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. விபத்துக்குப் பிறகு அவள் கல்யாண மண்டபத்துக்குள்கூடப் போனதில்லை என்று கருப்பசாமி எனக்குச் சொல்லியிருந்தார். அவள் அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒத்தக் கதவுன்னா நான் உள்ளயே வந்திருக்க மாட்டேன்னு சொல்லுங்க."

பிளாட்பாரம்

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, காப்பி குடித்து, எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாசத்தில் ஆலனை ஊர் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை, வயதைப் பற்றி இரண்டு வரி இருந்தது. விருதுநகர் ஸ்டேஷனில் நானும் கருப்பசாமியும் வழியனுப்பினோம். கருப்பசாமி ஒரு பை நிறையக் காராச்சேவு வாங்கி வந்திருந்தார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தின்றார்கள்.

வருத்தமாக இருக்கிறதா என்று ஆலனிடம் கேட்டேன். கொஞ்சம் இருக்கிறது, அடுத்த கோயிலையும் கட்ட ஆசைப்பட்டேன் என்றார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியே அவர் சொன்னதைக் கருப்பசாமிக்கு நான் தமிழில் இப்படிச் சொன்னேன்: "நாப்பது வருஷம் தச்சு வேல பாத்திருக்கேன். கதவு செஞ்சதுக்காக வீட்டுக்கு அனுப்புனது இதான் மொத தடவ."

அதற்கப்புறமும் நான் ஆறு கோயில் கட்டினேன். வரைபடம் தபாலில் வந்துவிடுகிறது, உள்ளே உட்காரப் போகிறவர்களை மட்டும் நாமாகப் போய்த்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.