கிணத்துல விழுந்த பல்லு

என் நாத்தனாரைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லணும்னா எனக்குக் கொஞ்சம் வாய் கோணும். கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கே நான் போட்டிருந்த ரவிக்கையோட தோள்பட்டையைக் கிள்ளிப் பார்த்து, "இதைத் தச்சது தையல்காரரா, செருப்புத் தைக்கிறவரா?"ன்னு கேட்ட புண்ணியவதி. அன்னையிலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் வெள்ளத்துக்கு அப்புறம் அவங்க பண்ண வேலையை நான் சொல்லலைன்னா வேற யாரு சொல்றது? முழுசாத் தெரிஞ்சது எனக்கு மட்டுந்தானே.

அவங்களை நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன். தெருமுனையில அவங்களுக்கு ஒரு தையல் கடை. ஒரு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அலமாரி நிறைய பட்டன் பாட்டில். புருஷன் போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. அந்த மெஷினை மிதிச்சுத்தான் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரை, படிக்க வச்சாங்க. குண்டூசியை எல்லாம் பல்லுல கடிச்சுக்கிட்டே அளவு எடுப்பாங்க, அப்படியே ஊர்வம்பும் பேசுவாங்க. தெருவுல அவங்களுக்குப் பேரே பல்லழகி. அவ்வளவு வரிசை, அவ்வளவு வெள்ளை.

அதுல முன்வரிசை நாலும் கடைச் சரக்கு. எட்டு வருஷம் முன்னாடி பஸ் படியில தடுக்கி விழுந்ததுல போனது. வெளியூர் டாக்டர்கிட்டப் போய், கிளிப் மாட்டுற மாதிரி நாலு பல்லு கட்டிக்கிட்டு வந்தாங்க. ராத்திரி கழட்டி ஒரு பட்டன் பாட்டில்ல தண்ணி ஊத்திப் போட்டு, அலமாரியில மத்த பாட்டிலோட வச்சுடுவாங்க. விஷயம் தெரிஞ்சது அந்த டாக்டருக்கும் தம்பிக்கும் எனக்கும்தான். "வெளிய மூச்சு விட்டே, உன் உதட்டைச் சேர்த்து வச்சுத் தச்சுடுவேன்"னு என்கிட்ட சொல்லியிருந்தாங்க. செய்யக்கூடிய ஆளுதான்.

இந்தப் பல்லைக் காப்பாத்துறதுக்கு ஒரு வருஷமாப் புதுக் காரணம் ஒண்ணு வந்திருந்துச்சு. தண்ணி லாரி ஓட்டுறவர். பொண்டாட்டியை இழந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். மாசம் மூணு தடவை அவர் சட்டையில பட்டன் பிஞ்சு போகும். எந்த ஊர்லயாவது பட்டன் அப்படிப் பிய்யுமா? ஒரு நாள் தயங்கித் தயங்கி, "உங்க சிரிப்பு நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு அண்ணி ஒரு கால்சட்டைக்கு ரெண்டு பக்கமும் இடது கால் தச்சு வச்சாங்க. பதினாறு வருஷத்துல அவங்ககிட்ட இப்படி ஒருத்தர் பேசினது அதுதான் முதல் தடவை.

அப்பதான் ஆறு உடைச்சுக்கிட்டு வந்துச்சு. மூணு நாள் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணி. வடிஞ்சதும் பார்த்தா குழாய்ல சேறுதான் வருது. நாங்க ஒரு பத்துப் பேர் சேர்ந்தோம். அண்ணி, நான், கணக்கு டீச்சர், முடிவெட்டுற கடைக்காரர் இப்படி. அண்ணி கடைவாசல்ல செங்கல் அடுக்கி மேல ஒரு பெரிய கறுப்புத் தொட்டியைத் தூக்கி வச்சோம். காலையில லாரி வந்து தண்ணி நிரப்பும். குளோரின் கலந்து அரை மணி நேரம் விடணும். அப்புறம் கண்ணாடிக் குழாய்ல தண்ணி பிடிச்சு ரெண்டு சொட்டு மருந்து விட்டா மஞ்சளாகணும், அப்பதான் குளோரின் போதுமான அளவு இருக்குன்னு அர்த்தம். மஞ்சளானாத்தான் குடம் வைக்க விடுவாங்க அண்ணி. "அரை மணி நேரம்! அரை மணி நேரம்!"னு அவங்க போட்ட கத்தல்ல தெருவுல கடிகாரமே தேவைப்படலை.

சனங்களும் வரிசையில நின்னு சமர்த்தா வாங்கிட்டுப் போனாங்க. போய் என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தத் தண்ணியில காலைக் கழுவினாங்க! பாத்திரம் தேய்ச்சாங்க! குடிக்கிறதுக்கு மட்டும் தெருக்கோடிக் கிணத்துக்குப் போனாங்க. கேட்டா, "உங்க தண்ணியில மருந்து நாத்தம் அடிக்குது. கிணத்துத் தண்ணியைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு"ன்னு நமக்கே பாடம் எடுத்தாங்க. சுகாதார நர்ஸ் வந்து சோதிச்சுட்டு, கக்கூஸ் குழியெல்லாம் உடைஞ்சு கிணத்துக்குள்ளதான் இறங்கியிருக்குன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. போர்டு எழுதி மாட்டினோம். போர்டு மேலயே கயித்தைப் போட்டு இறைச்சாங்க. அட, இவங்களை என்ன சொல்லித் திட்டுறது!

ஆறு பேர் வாந்தி பேதியில படுத்தாங்க. ஏழாவது ஆள் யாருன்னு நினைக்கிறீங்க? என் வீட்டுக்காரர். அக்கா தொட்டியைக் காவல் காக்க, தம்பி திருட்டுத்தனமாக் கிணத்துத் தண்ணி குடிச்சிருக்கார். ஆஸ்பத்திரியில துவைச்சுப் போட்ட துணி கணக்காக் கிடந்தார். அண்ணி அவர் காலைத் தொட்டுப் பார்த்தாங்க. ஐஸா இருந்துச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. அண்ணி அழலை. "வாடி"ன்னு என்னை இழுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க.

கடைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினாங்க. திரும்பி வரும்போது வாயைச் சுத்தி ஒரு துண்டு. நேராக் கிணத்தடிக்கு நடந்தாங்க, பின்னாடியே நான். அங்க ஒரு பன்னெண்டு பேர் குடத்தோட நிக்கிறாங்க. அண்ணி துண்டை இறக்கிட்டு, கைப்பிடிச் சுவர்ல குனிஞ்சு உள்ள எட்டிப் பார்த்தாங்க. பார்த்துட்டு ஒரு தும்மல் போட்டாங்க பாருங்க, காக்கா எல்லாம் பறந்துடுச்சு. கீழ 'ப்ளக்'னு ஒரு சத்தம். அண்ணி நிமிர்ந்தாங்க. வாயைப் பெரிசாத் திறந்தாங்க. நடுவுல நாலு பல்லைக் காணோம்.

"ஐயோ, போச்சே! என் கட்டுப் பல்லு போச்சே!"

எட்டு வருஷ ரகசியம்! கூட்டம் அவங்க வாயையே பார்த்துச்சு. அப்புறம் கிணத்தைப் பார்த்துச்சு. அப்புறம் எல்லாரும் அவங்கவங்க குடத்தைப் பார்த்தாங்க. "உவ்வே"ன்னு ஒருத்தி ஆரம்பிச்சா. பன்னெண்டு குடமும் அங்கேயே கவிழ்ந்துச்சு. கக்கூஸ் தண்ணி கலந்திருக்குன்னு நர்ஸ் சொன்னப்ப ஒருத்தருக்கும் குமட்டலை. கண்ணுல பார்க்காததுக்கு யாரு குமட்டுவாங்க? பல்லழகியோட எச்சிப் பல்லு உள்ள கிடக்குதுன்னதும் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா போகலை. அஞ்சு நாள்ல ஆஸ்பத்திரியில புதுசா யாரும் இல்ல. என் வீட்டுக்காரரும் எழுந்து வந்து, மருந்துத் தண்ணியை மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சார்.

பல்லு எங்கன்னு கேக்குறீங்களா? கடையில, பட்டன் பாட்டில்ல. கிணத்துல விழுந்தது பெரிய கோட்டுப் பட்டன் ஒண்ணு.

ஆனா பொய்யைச் சொன்னா அதோட குடும்பம் நடத்தணும் இல்ல? கிணத்தைச் சுத்தம் பண்ணிச் சோதனை முடியிற வரைக்கும் அண்ணி பல்லு மாட்ட முடியாது. கஞ்சி, ஊறவச்ச ரொட்டி, அவ்வளவுதான். பல்லழகி போய்ப் பொக்கையழகின்னு பேரு வந்துச்சு. அதுக்கெல்லாம் அசரலை. லாரிச் சத்தம் கேட்டா மட்டும் கடைக்குள்ள ஓடித் திரைக்குப் பின்னாடி நின்னுக்குவாங்க. "நீ போய்த் தண்ணியை இறக்கு. நான் இல்லைன்னு சொல்லு"ன்னு என்னைத் தள்ளுவாங்க. அந்த மனுசன் தினமும் கையில ஒரு சட்டையோட வந்து, "இல்லையா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவார். எனக்கே பாவமா இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் அண்ணி கண்ணாடி முன்னாடி வாயைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். "அவர் ரசிச்சதே அந்த நாலு பல்லைத்தான்டி"ன்னாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா எனக்கு அவங்களைக் கட்டிக்கணும்னு தோணுச்சு. கட்டிக்கலை, பழக்கம் இல்ல.

தொட்டி வச்ச இருபத்திநாலாம் நாள் எஞ்சின் வச்சுக் கிணத்தை இறைச்சாங்க. அடிச் சேறு தெரிஞ்சதும் லாரிக்காரர் சட்டையைக் கழட்டி என் கையில கொடுத்தார். "அவங்க பல்லை எடுக்காம மேல வரமாட்டேன்"னு கயித்தைப் பிடிச்சு இறங்கிட்டார்!

ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். தொடை அளவு சேத்துல நின்னு கையை விட்டுத் துழாவுறார். உடம்பு நடுங்குது. "போதும், மேல வாங்க"ன்னு நாங்க கத்துறோம், மனுசன் அசையலை. உண்மையைச் சொல்லிடலாம்னா, சுத்தியும் தெருவே நிக்குது. ஓரத்துல புதுசா ஊத்துத் தண்ணி வேற பளபளன்னு கசிய ஆரம்பிச்சுடுச்சு. சோதனை முடிவு வர ரெண்டு நாள் ஆகும். பொய்யின்னு தெரிஞ்சா இன்னைக்கே குடத்தோட வந்துடுவாங்க. எனக்குப் பின்னாடி வாயைத் துண்டால மூடிக்கிட்டு நின்ன அண்ணி என் காதுல, "அடியே, பாட்டில்! ஓடு!"ன்னாங்க.

ஓடினேன். பல்லை முந்தானையில முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தேன். அழுற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, கைப்பிடிச் சுவர்ல குனிஞ்சு மெதுவா நழுவ விட்டேன். நான் குறி பார்த்தது சேத்தை. விழுந்தது அவர் மண்டையில.

அவர் தலையைத் தடவினார். கையில வந்ததைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செத்தேன்டா சாமின்னு நினைச்சேன்.

"கிடைச்சிருச்சு!"ன்னு கத்தினார்.

மேல வந்தப்ப அந்தப் பல்லு முழுக்கக் கறுப்புச் சேறு அப்பியிருந்துச்சு. நான் போட்டது வெள்ளை வெளேர்னு கழுவின பல்லு. அவரே பூசியிருக்கார்! கூட்டத்துக்கு முன்னாடி அதைத் தூக்கிக் காட்டினார். "சோதனை முடிவு வர்ற வரைக்கும் யாரும் இதுல கயிறு போடாதீங்க. அடியில நான் பார்த்ததைச் சொன்னா ஒரு வாரத்துக்கு உங்களுக்குச் சாப்பாடு இறங்காது"ன்னு, அதிர்ந்து பேசாத மனுசன் அன்னைக்கு அடிச்சு விட்டார் பாருங்க. கூட்டம் ரெண்டடி பின்னாடி போச்சு.

அண்ணிகிட்ட வந்து நீட்டினார். "குளோரின் தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு மாட்டிக்கங்க"ன்னார்.

இருபத்திநாலு நாளா அண்ணி கத்தினதை அவங்களுக்கே திருப்பிக் கொடுத்துட்டார். அண்ணி துண்டை வாயிலேர்ந்து எடுத்தாங்க. சிரிச்சாங்க. நடுவுல ஒரு வாசல் திறந்த மாதிரி பொக்கை. கையால மறைக்கலை.

"சட்டையில எத்தனை பட்டன் போச்சு?"ன்னு கேட்டாங்க.

"எல்லாமே"ன்னார்.

நான் சட்டையைக் கடையில கொண்டு போய் வச்சேன். வச்சுட்டுப் போகணும்தான். போகலை, திரைக்குப் பின்னாடி நின்னேன், என்ன இப்ப? அண்ணி குண்டூசியை வாயில கடிக்கப் பார்த்தாங்க. பல்லு இல்லாத வாயில அது எங்க நிக்கும், கீழ விழுந்துச்சு. அவர் குனிஞ்சு எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்துச்சு, மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். பல்லு மேஜை மேல டம்ளர்ல ஊறிக்கிட்டு இருந்துச்சு. அரை மணி நேரம் எப்பவோ ஆயிடுச்சு. ரெண்டு பேருமே அதை எடுக்கலை.