அரை மணி தூரத்துக் காடு

என் வீட்டுக்காரருக்கு யார் முகத்துக்கு நேராகவும் "முடியாது" என்று சொல்ல வராது. கல்யாணப் பேச்சு நடந்தபோது என் அப்பா, "வெளியூர் வேலையெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை" என்றார். "சரிங்க மாமா." இவருடைய முதலாளி, "மாசத்துல பாதி நாள் வெளியூர்தான்ப்பா" என்றார். "சரிங்க சார்." இரண்டு இடத்திலும் தங்கமான மனுஷன் என்று பெயர். நடுவில் கிடந்து அல்லாடியது நான்.

டிவிக்காரர்களுக்குப் படப்பிடிப்புக்கு இடம் பார்த்துக் கொடுப்பது அவர் தொழில். பேய் பங்களா வேண்டும், ஆனால் பாத்ரூம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார்கள். அதையும் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வருவார். கெட்டிக்காரர்தான், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் காட்டு ஷோ வந்தது. சாதாரண ஜனங்களைக் காட்டில் விட்டு, கிழங்கு தோண்டித் தின்று, மழையில் நனைந்து, யார் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறார்கள் என்று படம் பிடிக்கிற சமாச்சாரம். "மனுஷன் காலே படாத காடு வேணும்" என்றார் டைரக்டர். இன்சூரன்ஸ்காரர்களோ, அரை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி இல்லையென்றால் கையெழுத்தே கிடையாது என்றார்கள். இவர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் "சரிங்க".

கடைசியில் பிடித்த இடம் எது தெரியுமா? எங்கள் ஊர் மலைக்குப் பின்பக்கம்! இந்தப் பக்கம் ஊர், மில், நான் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் இறங்கினால் வெயில் தரையில் விழாத காடு, ஓடை, குகை. வண்டியில் அரை மணி. போட்டியாளர்களின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, வேன் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, பகல் முழுக்க மலையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஏதோ உலகத்தின் கடைக்கோடிக்கு வந்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். யோசனை என் வீட்டுக்காரருடையது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மில் சங்கு. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊதுகிற அந்தச் சத்தம் மலையைத் தாண்டிக் காட்டுக்குள் லேசாக விழும். எடிட்டிங்கில் எடுத்துவிடலாம், கேட்கிற காதை என்ன செய்வது? முதல் நாளே ஒரு பெண் கேட்டுவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. அவரவர் தொழில்தான் பெயர். இவள் தையல்காரி.

"அண்ணே, அது என்ன சத்தம்?"

"பறவைம்மா. ஜோடியைத் தொலைச்சிடுச்சு, கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்" என்றாராம் இவர்.

அன்றிலிருந்து சங்கு ஊதும்போதெல்லாம் அவளும் வாயில் கைகுவித்துத் திருப்பிக் கூப்பிடுவாளாம். இதை இவர் நடித்துக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருநாள் காலையில் மாரடைப்பு என்று ஒரு பெரியவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே எங்களுடையதுதான் பெரிய ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கும்போதும் பெருமை விடவில்லை. "கரப்பான்பூச்சியப் பாத்தா ஊரக் கூட்டுவா சிஸ்டர் என் பொண்ணு. இப்ப காட்டுல இருக்கா. டிவில வருவா, பாருங்க. தையல்காரின்னு சொல்வாங்க." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஓடிப்போய் கேம்ப் ஆபீஸ் போனில் இவரைப் பிடித்தேன். "ஏங்க, உங்க தையல்காரியோட அப்பா இங்க இருக்காரு. ரொம்ப நேரம் தாங்காதாம். அவளை உடனே கூட்டிட்டு வாங்க."

"அய்யோ! இதோ, அரை மணியில வந்துடறேன்."

பெரியவர் காதில் சொன்னேன். "ஐயா, உங்க பொண்ணு கிளம்பிட்டா. அரை மணியில வந்துடுவா."

"காட்டுலேருந்தா? அவ்வளவு சீக்கிரமாவா?"

"பக்கம்தான் ஐயா."

அந்தக் காடு எங்கே இருக்கிறது என்ற உண்மையை அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று. "வந்துட்டாளா?" என்றார். "வந்துக்கிட்டே இருக்கா ஐயா." மறுபடி கேட்டார். "வண்டி வாசலுக்கு வந்துடுச்சு ஐயா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. வாசலைப் பார்த்தபடியே இருந்த கண்ணை நான்தான் மூடிவிட்டேன்.

என்ன நடந்ததென்று இவர் பிறகு சொன்னார். வண்டி கிளம்பும்போது டைரக்டர் தோளில் கை போட்டாராம். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா சுத்திப் போங்க. இவ்வளவு பக்கம்னு தெரிஞ்சா நம்ம ஷோ சந்தி சிரிச்சிடும்." இவர் "சரிங்க சார்" என்றிருக்கிறார். பிறகு மனசு கேட்காமல் பாதியில் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டாராம். "பாதி சுத்துதான் சுத்தினேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார். பாதி சுற்று! அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் நகக்கண்ணெல்லாம் மண்ணோடு ஓடிவந்தாள். அப்பா நெஞ்சில் விழுந்து அழுது ஓய்ந்தபின் வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவள் அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"நீங்க குடிங்கண்ணே. காலையிலேருந்து எனக்காக ஒரு இடத்துல நிறுத்தாம ஓட்டியிருக்கீங்க. அவ்வளவு தூரம், நீங்கதான் என்ன பண்ணுவீங்க?"

இவர் வாங்கிக்கொண்டார். "வேண்டாம்" என்று சொல்லக்கூட அந்த வாய்க்கு வரவில்லை.

அப்போது மதிய ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. இங்கே அது ஜன்னல் கண்ணாடி அதிர ஊதும். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கை தானாக வாய் வரைக்கும் போய் நின்றது.

"சிஸ்டர், அது என்ன சத்தம்?"

அன்றைக்கு நிறையப் பொய் சொல்லியாகிவிட்டது. "மில் சங்கும்மா" என்றேன்.

அவள் இவர் பக்கம் திரும்பினாள். "நம்ம கேம்ப் இங்கேருந்து எவ்வளவு தூரம்ண்ணே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் முகம் கொடுக்கவில்லை.

"அரை மணிம்மா."

அவள் இவர் கையிலிருந்த டீயை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, எழுந்து அப்பாவிடம் போனாள்.