ஐந்து இருபதுக்கு வரும் எடை

என் பெரியம்மா ஒரு படகுக் கழகத்தில் சமைக்கிறார். ஏரிக்கரையில் படகுகளை அடுக்கி வைக்கும் நீளமான கொட்டகை அது. அதன் ஒரு மூலையைத் தடுத்துச் சமையலறை ஆக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், தடுப்புச் சுவருக்கு மேலே கவிழ்த்துத் தொங்கவிட்ட படகுகளின் வயிறு தெரியும். ஒரு படகில் எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். ஒன்பதாவதாக ஒருத்தி பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள். இந்த ஒன்பது பேருக்கும் காலையிலும் மதியத்திலும் சாப்பாடு போடுவது பெரியம்மாவின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் தராசு அக்கா.

எடை பார்க்கும் இயந்திரம் அவருடைய சமையலறையில்தான் இருக்கிறது. கொட்டகை முழுக்க ஏரியின் ஈரம் என்பதால், அடுப்புச் சூடு படும் மூலையில் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏறி நிற்க ஓர் இரும்புப் பலகை, கண்ணுக்கு நேரே சிவப்பு எண்கள் எரியும் சின்னத் திரை. படகு ஒரு பக்கம் சாயாமல் இருக்க ஒவ்வொருவரின் எடையும் தெரிய வேண்டும் என்பது துடுப்புப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரின் கணக்கு. பெரியம்மாவின் கணக்கு வேறு. பத்துக் கிலோ உடம்புக்கு ஒரு பிடி ஓட்ஸ்.

முந்தின நாள் மாலையே ஓட்ஸைப் பாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற வைத்துவிடுவார். காலையில் அடுப்பு தேவையில்லை. மசித்த வாழைப்பழம், இரண்டு கரண்டி தயிர், வறுத்து உடைத்த வேர்க்கடலை ஒரு பிடி. சர்க்கரை கிடையாது, பழம் நன்றாகக் கனிந்திருந்தால் போதும் என்பார். துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்குத் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் இரண்டு முட்டையும், பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய கீரையும். மதியத்துக்குப் பயறும் பூசணியும் சேர்ந்து குழைந்த சூப், கடைசியில் எலுமிச்சை பிழிந்து. சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார். ஆளுக்கு ஒரு வரி: எடை, எத்தனை பிடி, எத்தனை முட்டை. ஒன்பது பேருக்குப் பிறகு மாஸ்டர், காவலாளி, கூட்டுகிற அம்மா. கடைசி வரி பூனைக்கு.

இப்படி ஊரையே அளந்து போட்டவர் ஒரே ஒரு ஆளைக் கோட்டை விட்டார். அது என் பெரியப்பா.

பெரியப்பா பேருந்து ஓட்டுநர். காலையின் முதல் வண்டி அவருடையது. ஐந்து இருபதுக்குக் கழகத்தின் முன்னால் போகும். சமையலறை ஜன்னல் சாலையைப் பார்த்தது. ஜன்னல் நேருக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "சாப்டியா?" என்பார். "ஆச்சு, நீங்க ரோட்டைப் பாருங்க," என்று பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். பத்தொன்பது வருஷம் இதே பேச்சு.

அந்த மனிதர் இளைத்துக்கொண்டே வந்ததைப் பெரியம்மா பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற முகம். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் வளையமாக நின்ற ஒரு நாள்தான் உறைத்தது. மருத்துவமனையில் எடை பார்த்தபோது பதினேழு கிலோ குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் போய்விட்டார். "ஒன்பது பேர் உடம்பு எனக்கு அத்துப்படி. கூடப் படுத்து எழுந்தவர் உடம்பு தெரியலையே," என்று பெரியம்மா அன்று சொன்னதோடு சரி. பேருந்தை வேறு ஓட்டுநர் ஓட்டினார். ஜன்னல் நேருக்கு அது வேகம் குறைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பனி இறங்கும் மாதத்தில் அது தொடங்கியது.

ஏரியிலிருந்து எழுந்த பனி கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்குள் தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. பெரியம்மா உருளைக்கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். பேருந்து போயிற்று, தரை லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வில் இயந்திரத்தின் திரை விழித்துக்கொள்வது வழக்கம்தான். சைபர் காட்டும், பிறகு அணையும். அன்று 47.2 காட்டியது.

பலகைமேல் யாருமில்லை. பூனைகூட இல்லை. எண் கொஞ்ச நேரம் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் எப்படி நிற்குமோ அப்படி. பிறகு அணைந்தது.

பட்டியலில் அந்த எடையில் யாரும் இல்லை. சுக்கான் பிடிக்கிறவள்தான் அதற்குக் கிட்டத்தில் வருவாள். அவள் ஐம்பது. சின்ன உருவம் என்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். காவலாளி டீக்கு வந்தபோது பெரியம்மா இதைச் சொன்னார். அவர் நம்பவில்லை.

"பஸ் போனா கட்டடமே ஆடுது. மிஷின் ஆடாதாம்மா?"

"ஆடினா சைபர்தானேண்ணே காட்டணும்?"

"கடைசியா ஏறின ஆளோட எடை ஞாபகத்துல இருக்கும்."

"கடைசியா ஏறினது நம்ம மாஸ்டர். தொண்ணூத்தி ஒண்ணு."

காவலாளி இயந்திரத்தைப் பார்த்தார், டீயைப் பார்த்தார். "நான் வெளியிலயே குடிச்சுக்கிறேன். காத்து நல்லா வருது," என்றார். அன்றிலிருந்து அவர் உள்ளே வந்து டீ குடிக்கவில்லை.

பழுது பார்ப்பவரை மாஸ்டர் அழைத்து வந்தார். அவர் இயந்திரத்தைக் கவிழ்த்து, திறந்து, ஊதி, மூடினார். பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்தார். பத்து காட்டியது. "இது பொய் சொல்ற மிஷின் இல்லம்மா. தங்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மாவைப் பயமுறுத்தியது எண் வந்ததல்ல, அது இறங்கியது. ஒரு வாரத்தில் 46.6. அடுத்த வாரம் 46.1. அந்த நாட்களில் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "யாரோ ஒரு ஜீவன் கரைஞ்சுக்கிட்டே வருது. என்கிட்ட வந்து காட்டுது. இந்தத் தடவையும் பார்க்காம விட்டேன்னா நான் மனுஷியே இல்ல."

"நீங்க சாப்டாச்சா பெரியம்மா?" என்றேன். பேச்சை மாற்ற எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஆச்சு, ஆச்சு," என்றார்.

மறுநாள் முதல் அந்த எடைக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். நாற்பத்தாறு கிலோவுக்கு நாலரைப் பிடி வரும். ஒல்லியான ஆள் என்று ஐந்தாக்கினார். கடலை கொஞ்சம் கூடுதலாகப் போட்டார். கிண்ணத்தைத் தட்டால் மூடி, இயந்திரத்தின் பக்கத்தில் முக்காலிமேல் வைத்தார். எண் வந்தது, நின்றது, அணைந்தது. கிண்ணம் வைத்தபடியே இருந்தது. ஒன்பது மணிக்கு அதை எடுத்து, வீணாகக் கூடாதே என்று, துடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பங்கிட்டார். பதினொரு நாள் இப்படி. எண் 45.4 ஆகியிருந்தது.

பேய் என்றால் சாப்பிடாது, சரி. ஆனால் பேய் ஏன் இளைக்க வேண்டும்? இது உயிரோடு இருக்கிற ஆள்தான் என்று பெரியம்மா முடிவு கட்டினார். கழகத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும் பிடித்துப் பலகையில் ஏற்றினார். கூட்டுகிற அம்மா, பால்காரர், தபால்காரர்கூடத் தப்பவில்லை. கடைசியாகக் குருவி.

"என்மேல சந்தேகமாக்கா? நேத்து மூணு உருளைக்கிழங்கு சாப்டேன். நீங்கதான் பார்த்துக்கிட்டே நின்னீங்க."

"பேசாம ஏறு."

ஐம்பது புள்ளி மூன்று.

"ஏறிட்டேன்! போதுமா? படகு மூழ்கினா தராசக்காதான் காரணம்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிருவேன்." குருவி இறங்கியவள் பெரியம்மாவின் கையைப் பிடித்தாள். "என்னக்கா, வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடுது?"

"வார் பழசாயிருச்சு. இழுத்துப்போச்சு." கம்பியைச் சூடாக்கி வாரில் புது ஓட்டை இரண்டு முறை போட்டிருந்தார் பெரியம்மா. அதுவும் போதவில்லை.

"நீங்களும் ஒருதடவை ஏறுங்களேன், பார்ப்போம்."

"நான் எதுக்குடி? நான் என்ன துடுப்பா போடப் போறேன்? போ, போய்ப் படகை எடு."

அடுத்த நாள் பேருந்துகள் ஓடவில்லை. ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. தரை அதிர ஒரு காரணமும் இல்லாததால், இன்றைக்கு எண் வராது என்று பெரியம்மா நினைத்தார். பனி அன்று முழங்கால் உயரத்துக்கு இருந்தது. மேலே தொங்கிய படகுகளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டிருந்தது. ஓட்ஸைக் கலந்து, கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சூப்புக்குப் பூசணியை நறுக்கினார். சுவர்க் கடிகாரம் ஐந்து இருபது ஆயிற்று.

திரை எரிந்தது. 45.0.

பெரியம்மாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்ததாம். "யாருன்னு சொல்லித் தொலையேன்! யாருன்னு தெரியாம நான் யாருக்குன்னு போடறது?" என்று கத்தியபடி போய், பலகைமேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றுவிட்டார். நிற்பது யாராக இருந்தாலும் தன் எடையும் சேர்ந்து எண் தாவும், இயந்திரம் குழம்பி அணையும் என்று நினைத்தார்.

எண் தாவவில்லை. 45.0.

இறங்கினார். 45.0. ஏறினார். 45.0. ஒரு கிராம் அசையவில்லை. தனக்கென்று எடையே இல்லை என்று முதலில் நினைத்தாராம். செத்துப்போனது நான்தானா என்று அடுப்பில் கையை நீட்டிப் பார்த்தாராம். சுட்டது.

வெந்நீர் பிடிக்க வந்த குருவி பார்த்தபோது, பெரியம்மா இயந்திரத்தின் பலகையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். குருவி ஓடிப் போய் மின் இணைப்பைப் பிடுங்கி, மறுபடி மாட்டினாள். சைபர் வந்தது.

"இப்ப ஏறுங்க."

ஏறினார். எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன. 45.0.

குருவி சுவரிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் படித்தாள். "மாஸ்டர் இருக்காரு. வாட்ச்மேன் இருக்காரு. பூனைகூட இருக்கு. நீங்க எங்கக்கா?"

பெரியம்மா காலையில் கரண்டி நுனியில் ருசி பார்ப்பார், மதியம் உப்புப் பார்ப்பார், பூண்டு வதங்கும் வாசனையிலேயே வயிறு அடைத்துவிடும். யாராவது "சாப்டாச்சா?" என்றால் "ஆச்சு" என்பார். அது பொய் என்று அவருக்கே தெரியாது. எல்லார் கிண்ணமும் காலியாவதைப் பார்த்தால் தானும் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஜன்னலில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போன நாளிலிருந்து ஒரு முழுக் கிண்ணம் உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகம் அவருக்கு இல்லை.

முக்காலிமேல் இருந்த கிண்ணத்தைக் குருவி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஐந்து பிடி ஓட்ஸ், கூடுதல் கடலை. பெரியம்மா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் வயிறு ஏற்க மறுத்தது. கொஞ்சம் பொறுத்து மீதியையும் முடித்தார். "பழம் கொஞ்சம் கனியலை," என்றார். அதுதான் அவர் தன் சமையலைப் பற்றிச் சொல்லி நான் கேள்விப்பட்ட முதல் குறை.

அன்றே பட்டியலில் பூனைக்கு மேலே ஒரு வரி சேர்ந்தது. எழுதியது குருவி. மாஸ்டர் பெரியம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். நோய் ஒன்றுமில்லை, பட்டினிதான் என்று டாக்டர் சொன்னார். இப்போது ஒன்பது பேருக்குக் கிண்ணம் வைக்கும் முன் தன் கிண்ணத்தை முடித்துவிட வேண்டும் என்பது சமையலறைச் சட்டம். குருவி நேரில் வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகுக்குப் போவாள். பெரியம்மாவின் எடை ஐம்பத்திரண்டில் வந்து நிற்கிறது.

ஐந்து இருபதுக்குப் பேருந்து போகிறது. தரை அதிர்கிறது. திரை விழித்து, சைபர் காட்டி அணைகிறது.

போன வாரம் பேசும்போது பெரியம்மா ஒன்று சொன்னார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேண்டுமென்றே சாப்பிடாமல் இருந்து பார்த்தாராம். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றாராம்.

"எதுக்கு பெரியம்மா?"

"சும்மாதான். வருதான்னு பார்க்க."

"வந்துச்சா?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று நகர்ந்தது.

"பஸ்ஸு ஜன்னல்கிட்ட மெதுவாச்சு," என்றார். "நான் ஓடிப் போய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டேன். இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்மா. உன் பெரியப்பாகிட்ட நல்லாத் திட்டு வாங்கிட்டேன்."