எஞ்சினுக்குச் சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை

போன வாரம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை சிக்னலில் ஒரு சிவப்புக் கார் என் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். ஆக்சிலேட்டரை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தான். விடும்போதெல்லாம் பின்னால் சைலன்ஸரில் படபடவென்று சீனிவெடி. நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மோந்து பார்த்தேன். பச்சைப் பெட்ரோல் வாடை, எரியாமல் வெளியே வந்து வீணாய்ப் போகிற பெட்ரோல். விசாரித்தால், கம்ப்யூட்டரில் எழுதி வைத்து வேண்டுமென்றேதான் அப்படி வெடிக்க வைக்கிறார்களாம். இதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு ஆள். சத்தம் போடுகிற எதையும் நான் நம்புவதில்லை. மனுசனாக இருந்தாலும் சரி, எஞ்சினாக இருந்தாலும் சரி.

இப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பீர்கள். முக்கூடலில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன், லாரிக்கு அடியில் கிடந்தேன், கடைசியில் பேட்டையில் சொந்தமாக லேத்துப் பட்டறை போட்டேன். திருநெல்வேலியில் எஞ்சின் பிரித்துக் கட்டுகிற யாரிடம் கேட்டாலும் என் பேரைச் சொல்லுவான். சொல்லாதவன் என்னிடம் தொழில் படித்துவிட்டுப் போனவனாக இருப்பான்.

அந்தப் பெட்ரோல் வாடையில் எனக்கு மேலப்பாளையம் காஜாதான் ஞாபகத்துக்கு வந்தான்.

காஜாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எஞ்சினைக் கொண்டுவருகிறவன் இறக்கிவிட்டுப் போகமாட்டான். ஒரு நாற்காலியைப் போட்டு எஞ்சினுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவான். கண் அசந்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவோமாம். போதாததற்கு, வீட்டிலேயே ஒவ்வொரு சாமானிலும் ஆணியால் ரகசியமாகக் கீறி ஒரு குறி போட்டுக்கொண்டு வருவான். எனக்குக் கோபம் வந்ததில்லை. நானும் அவன் கொண்டுவந்த சாமானில், அவன் டீக்குடிக்கப் போன நேரத்தில், பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு புள்ளி அடித்து வைப்பேன். நாளைக்கு வேறு எதையோ கொண்டுவந்து 'நீர் மாத்திட்டீரு' என்று நின்றால் என்ன செய்ய? அவரவர் பாதுகாப்பு அவரவருக்கு.

காஜாவும் நாற்காலியோடுதான் வந்தான். துபாய்ப் பக்கம் பாலைவனத்தில் ஓட்டுகிற பந்தய வண்டிகளுக்கு வேலை பார்க்கிற பட்டறையில் பல வருசம் இருந்தவன். லீவில் வரும்போது மற்றவர்கள் சென்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவன் துணிமூட்டைக்குள் ஒரு சூப்பர்சார்ஜரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். எஞ்சின் தானாகக் காற்றை இழுக்கும்வரை காத்திராமல், பெல்ட்டில் சுற்றி காற்றை உள்ளே திணிக்கிற சாமான் அது. அதைப் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றில் மாட்ட வேண்டும், பட்டறையைக் கொடுங்கள் என்று கேட்டான்.

"மாட்டி?"

"களக்காட்டுல ஒரு வாழைத்தோப்பு மொதலாளி இருக்காரு அண்ணாச்சி. அவரும் அவரு கூட்டாளிமாரும் மலையேத்தப் பந்தயத்துக்குப் போறவங்க. அவரு தோட்டத்துக்குப் பின்னால ஒரு கல்லுமேடு கெடக்கு. அதுல இந்த ஜீப்பு ஏறிட்டுன்னா அத்தன பேரு வண்டி வேலையும் எனக்குத்தான். நான் இங்கனயே இருந்துருவேன்."

"ஏறலன்னா?"

"திரும்பச் சபருதான்."

சபர் என்றால் அவர்கள் வழக்கில் பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போவது. டிக்கெட் போட்டு வைத்திருந்தான். அவன் மனைவி மைமூன் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். அவளோடு ஒரு பெண்குழந்தை. அது காஜாவை வாப்பா என்று கூப்பிடவே கூச்சப்பட்டுக்கொண்டு என் பின்னால் வந்து ஒளியும். அவனை அது லீவுக்கு லீவுதானே பார்க்கிறது. காஜா அதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருப்பான். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

எனக்கு மனசு உருகத்தான் செய்தது. ஆனாலும் உள்ளே ஒரு கணக்கு ஓடியது. இவன் இங்கேயே இருந்தால் பட்டறை எங்கே போடுவான்? என் பட்டறைக்கு எதிரே ஒரு காலி இடம் கிடந்தது. காஜா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. டீக்கடையே அந்தப் பக்கம்தான், வேறெங்கே பார்ப்பான் என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்போது அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேம்ஷாஃப்டில்தான் சண்டை வந்தது. எஞ்சினில் காற்று வருகிற வால்வு எப்போது திறக்க வேண்டும், புகை போகிற வால்வு எப்போது மூட வேண்டும் என்று உத்தரவு போடுகிறது அந்தத் தண்டுதான். காஜா துபாயிலிருந்து ஒரு பந்தய கேம் கொண்டுவந்திருந்தான். அதை மாட்டிய எஞ்சின் சும்மா நிற்கும்போதே தடக்தடக் என்று குதிரை மாதிரி குதிக்கும். கேட்கிறவனுக்கு நெஞ்சு அதிரும். கூடவே ஒரு காகிதம், முழுக்க இங்கிலீஷில் எண்கள். காஜா வாசித்துச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. சாமானை விற்கிறவன் எழுதிக் கொடுத்த காகிதம் சாமானைத் திட்டியா எழுதியிருக்கும்?

கேமையே கையில் வாங்கி உருட்டிப் பார்த்தேன். இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கிற நேரம் அதில் அதிகம். எனக்கு முக்கூடல் வயல்தான் கண்ணுக்கு வந்தது. சிறுவயதில் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு வடிகால் மடையை அடைக்க மறந்துவிட்டால், தண்ணீர் வயலில் நிற்காது, இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும். மெல்ல வருகிற தண்ணீர் என்றால் கொஞ்சமாவது நிற்கும். மோட்டார் வைத்து அடித்தால்? அத்தனையும் ஓடிவிடும். சூப்பர்சார்ஜர் என்பது மோட்டார்தானே. அது திணிக்கிற காற்றும் பெட்ரோலும் எரியாமலே சைலன்ஸர் வழியாக ஊர் சுற்றப் போய்விடும்.

"வே, காஜா. இந்தக் கேம் ஆகாது. ரெண்டு வால்வும் சேந்து தொறந்து கெடக்கது கொறையணும். நான் ஒண்ணு கோயமுத்தூர்ல சாணை புடிச்சு வாங்கித் தாரேன். சாதுவா இருக்கும். புகை வால்வு மட்டும் கொஞ்சம் முந்தித் தொறக்கட்டும்."

வந்து சேர்ந்த கேமை அவன் விரலால் தடவிப் பார்த்தான். "பழைய தண்டச் சொரண்டி வச்சிருக்கு. இத மாட்டுனா தையல் மிசின் மாதிரில்லா ஓடும்."

"ஓடட்டும். மேட்டுல ஏறணுமா, கச்சேரி வைக்கணுமா?"

அவன் நாற்காலி அன்றைக்கு எஞ்சினுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தது. அவன் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாதா. வண்டி ஏறாமல் போனால் நான் விமானம் ஏறிவிடுவேன், இவருக்குப் போட்டி இருக்காது. அதனால்தான் இந்தக் கிழவன் சாதுவான கேமைத் தலையில் கட்டுகிறான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், இன்னும் மோசமாகவே நினைத்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி பாவா வந்தார். கையில் தூபக்கால், மறு கையில் விசிறி, கடை கடையாகப் புகை போட்டுவிட்டுப் போகிறவர். கல்லாவுக்கு ஒரு சுற்று, லேத்துக்கு ஒரு சுற்று. அன்றைக்கு அந்தப் புகை மின்விசிறிக் காற்றில் ஜன்னலுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"பாவா, இங்கன வாங்க. இந்தா இந்த வாயில காட்டுங்க."

சூப்பர்சார்ஜரின் வாய்க்குப் பக்கத்தில் தூபக்காலைப் பிடிக்கச் சொன்னேன். பாவா என்னையும் எஞ்சினையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எஞ்சினுக்குப் பேய் புடிச்சிருக்கா அண்ணாச்சி?"

"எஞ்சினுக்கு இல்ல. இவருக்கு" என்று காஜாவைக் காட்டினேன்.

எஞ்சினில் அப்போது இருந்தது துபாய் கேம். புகைக்குழாயைக் கழற்றிப் போட்டு, இரண்டு வால்வும் திறந்திருக்கிற நிலையில் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நான் நிறுத்தினால் நம்பமாட்டான், அதனால் அவனையே நிறுத்தச் சொன்னேன். டிரில்லிங் மெஷினைக் கோர்த்து சூப்பர்சார்ஜரை நான் சுற்றினேன். சாம்பிராணிப் புகை உள்ளே போன வேகத்தில் புகைத் துவாரம் வழியாகக் குபுகுபுவென்று காஜா முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே கையை வைத்துப் பார்த்தான். கையை எடுத்தான், மறுபடியும் வைத்தான்.

"ஊதுனா எதுலயும் வரத்தான் செய்யும்" என்றான்.

"அப்ப அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பொறும். கேமை மாத்திட்டு இதே பாவா, இதே சாம்பிராணி. பொறவு புகை மேல குத்தம் சொல்லப்படாது."

கேமைக் கழற்றும்போது ஒரு வேடிக்கை. பல்சக்கரத்தின் உள்பக்கத்தில் அவன் ஆணியால் கீறிய குறி இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நான் அடித்த இரண்டு புள்ளி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அவன் கூரையைப் பார்த்தான். நான் எண்ணெய்க் குவளையைத் தேடினேன்.

மறு வெள்ளி, சாதுவான கேமை மாட்டிவிட்டு மறுபடியும் புகை போட்டோம். நூல் மாதிரி வந்தது, அவ்வளவுதான். பாவா குனிந்து பார்த்து, "பேய் எறங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். காஜா மட்டும் எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லுங்க. நான் போகாம இருந்து எதுத்தாப்ல கடை போட்டா உங்களுக்குப் பொறுக்குமா?"

சோற்றுச் சட்டியைத் திறந்துகொண்டிருந்த மைமூனின் கை நின்றது. நல்ல வார்த்தை நாலு சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

"பொறுக்காது" என்றேன். "வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்."

காஜா சிரித்துவிட்டான். "இதயே ஒளிக்காத மனுசன் கேமுல என்னத்தப் பொய் சொல்லப் போறீய. இதே இருக்கட்டும்."

மைமூன் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்குக் கறியில் உப்புக் கூடுதல். அது எதேச்சையா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

புகைக்குழாய் விசயத்தில் காஜா என்னை மடக்கிவிட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும். குழாய் கொஞ்சம் ஒடுக்கமாக இருந்தால்தான் எஞ்சினுக்கு இழுவை என்பது எங்கள் ஆட்களின் பழைய நம்பிக்கை. அவன் வாய் அகன்ற பெரிய குழாயாக, நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக வளைத்து ஒன்று சேர்க்க வேண்டும் என்றான். எதற்கு இவ்வளவு பெரிது, ஆடம்பரமா என்றேன்.

"உங்க வயக்காட்டுக் கணக்குதான் அண்ணாச்சி. வரத்து கூடுனா வடிகால் அகலமா வேண்டாமா?"

வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

களக்காட்டுக்கு நானும் போனேன். வழியில் அவன் மனசு மாறி எதையாவது மாற்றிவிடக் கூடாதே என்று ஜீப்பில் முன்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். மைமூனும் பிள்ளையும் பின்னால். கல்லுமேட்டின் அடியில் முதலாளியும் கூட்டாளிகளும் நின்றார்கள். ஜீப் சும்மா நின்று ஓடிய சத்தத்தைக் கேட்டு ஒருவன், "என்ன பாய், கரண்டு போனா மாவாட்டலாம் போலருக்கு" என்றான். காஜா காது சிவந்தது. முதலாளி கையை நீட்டி மேட்டைக் காட்டினார்.

"ஏறலன்னா நான் எறங்கித் தள்ளுதேன்" என்று மைமூன் பின்னாலிருந்து சொன்னாள். காஜா கியரைப் போட்டான்.

பாதி மேட்டில் பின்சக்கரம் கல்லை வாரி இறைத்துக்கொண்டு வழுக்கியது. வண்டி ஒரு முழம் பின்னால் நழுவியது. நான் கைப்பிடியைப் பிடித்தேன். காஜா பிரேக்கைத் தொடவில்லை. பைய மிதித்தான். அப்போதுதான் அந்த எஞ்சின் வாயைத் திறந்தது. அடி வயிற்றிலிருந்து ஒரு உறுமல், விட்டு விட்டு இல்லாமல் ஒரே நூலாக. கல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி ஏறி, உச்சியில் சமதரையில் போய் நின்றது. வாழைத்தோப்பு கீழே பச்சைப் பாய் மாதிரி கிடந்தது. பெட்ரோல் வாடை வருகிறதா என்று நான் மோந்து பார்த்தேன். இல்லை. பின்னால் பிள்ளை, "வாப்பா, இன்னொரு மட்டம் ஏத்துங்க" என்றது. காஜா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

அவன் சபர் போகவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் என் பட்டறைக்கு நேர் எதிரே கடை போட்டான். நான் சொன்னேனா இல்லையா.

வயிற்றெரிச்சலும் சொன்னபடியே இருந்தது. காலையில் அவன் ஷட்டர் எனக்கு முன்னால் ஏறிவிட்டதா என்று பார்ப்பேன். என் வாசலில் எந்த ஊர் வண்டி நிற்கிறது என்று அவன் எட்டிப் பார்ப்பான். அவனிடம் வந்தவனை நான் விசாரிப்பேன், என்னிடம் வந்தவனை அவன் விசாரிப்பான். ஆனாலும் சிலிண்டர் குடைகிற வேலையை அவன் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. குடைந்து கொடுத்ததும் என் எதிரிலேயே அளந்து பார்ப்பான். குழாய் வளைக்க நான் அவனிடம்தான் போனேன். அவன் வளைக்கும்போது நான் கண்ணை எடுத்ததில்லை.

பிள்ளை வளர்ந்து படித்து சென்னையில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, முழங்கால் வலியோடு நின்ற வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டது. எதிரே இப்போது பேட்டரி ஸ்கூட்டர் விற்கிற கண்ணாடிக் கடை. அந்த வண்டிக்குக் கேமும் கிடையாது, புகைக்குழாயும் கிடையாது. நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

போன மாதம் காஜா போன் பண்ணினான். "எதுத்தாப்ல இப்ப யாரு அண்ணாச்சி? ஆளு எப்படி?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டை கட்டிய பையன்கள் வருகிறார்கள், பழகுவதற்குள் வேறு பையன்கள் வந்துவிடுகிறார்கள். என் வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவனைச் சந்தேகப்படுவதென்றால் அவன் முகமாவது நாலு வருசம் அங்கே நிற்க வேண்டாமா?

"தெரியலயே வே" என்றேன்.

"உங்களுக்கா தெரியல?" என்றான் காஜா.