அரை உயரக் கார்டு

நிறுவனத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். சமையலறை அலமாரிகள் செய்து மாட்டித்தரும் நிறுவனம் அது. இன்னும் செய்யப்படாத சமையலறையை அப்படியே கண்ணால் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது அவள் வேலை. இழுப்பறைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டரில் படத்தை வேகமாக முடிக்க உதவும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது மட்டும் அளவைக் கோட்டை விட்டாள் என்றால், அதற்குக் காரணம் மாடியில் குடியிருந்தது.

மாடியில் இருந்தது அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அவளும் அதே நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே படம் போடுகிறவள்தான். நேற்று வரை இருவரிடமும் இருந்தவை ஒரே மாதிரிப் பழைய குட்டிக் கம்ப்யூட்டர்கள். மானிட்டருக்கு அடியில் படுக்கவைத்தால் இரண்டு அகராதிகளை அடுக்கியதுபோல் இருக்கும். ஒரு படத்தைப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அதற்கு ஒளியும் நிழலும் கணக்குப் போட்டு முடிக்க, அவர்கள் பாஷையில் அது வெந்து இறங்க, அரைநாள். இருவரும் சேர்ந்து அதைத் திட்டுவார்கள். சேர்ந்து திட்ட ஆள் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

திடீரென்று கொழுந்தன் தன் மனைவிக்கு இடுப்புயரக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்தான். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே மூன்று விசிறி வைத்த, செங்கல்லைவிடப் பெரிய கார்டு. படி குறுகலாக இருந்ததால், "அண்ணி, ஒரு கை கொடுங்களேன்" என்றான். அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தாள். தன் வயிற்றெரிச்சலைத் தானே சுமந்து மாடியேற்றிய பெண் அவளாகத்தான் இருப்பாள்.

அதற்கப்புறம் மேலேயிருந்து படங்கள் மளமளவென்று போயின. முதலாளி ஒருநாள் போனில், "சின்னவங்க மூணு அனுப்பிட்டாங்க. பெரியவங்களுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

தன் கம்ப்யூட்டருக்கும் ஒரு கார்டு போடுவது என்று முடிவு செய்தாள். முறையாகத்தான் ஆரம்பித்தாள். மூடியைத் திறந்து ஸ்கேல் வைத்து அளந்தாள். உயரத்தில் பாதியாகச் செய்யப்பட்ட கார்டுதான் உள்ளே நிற்கும். நீளமும் ஒரு சாண் தாண்டக்கூடாது. அந்தப் பெட்டியின் பவர் சப்ளை சின்னது, கார்டுக்கென்று தனி வயர் அதில் கிடையாது. ஆகவே மதர்போர்டிலிருந்து வரும் கரண்டே போதும் என்கிற கார்டாக இருக்கவேண்டும். தேடித் தேடி அப்படி ஒன்றைக் கண்டும்பிடித்தாள். கச்சிதமான கார்டு. மறுநாள் வாங்கவேண்டியதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனாள். திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ஓரகத்தி கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பாருங்களேன்! இப்பத்தான் போட்டேன். தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு!"

"நல்லது" என்றாள். கையிலிருந்த துணியை மடிக்காமல் கசக்கிக்கொண்டே கீழே இறங்கினாள்.

மறுநாள் கடையில் அவள் வாயிலிருந்து வந்தது ஓரகத்தி வைத்திருந்த கார்டின் பெயர். கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "உங்க கம்ப்யூட்டர் கேபினட் பெருசுதானே மேடம்?" என்று கேட்டார்.

"பெருசுதான்" என்றாள் மில்லிமீட்டர்.

வீட்டில் கணவன் அதைப் பார்த்துத் திகைத்தான். "கார்டுன்னு சொன்ன? கதவு மாதிரி இருக்கு!"

"மூடியைக் கழட்டிட்டா நிக்கும்."

"மூடிய கழட்டினாலும் இந்தத் தகடு இடிக்குதே."

"அறுத்துடு."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "புலியப் பாத்து பூனை சூடு போட்டுக்கிச்சாம்" என்று முணுமுணுத்தபடியே ரம்பத்தை எடுத்தான். தனி வயர் இல்லாத குறைக்கு, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயரிலிருந்து ஒட்டு வயர் ஒன்றைப் போட்டாள். கூடாது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் போட்டாள். மூடியில்லாத பெட்டியிலிருந்து பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்தக் கார்டின் விசிறிகள் சுழல ஆரம்பித்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. முதல் படம் நிமிஷத்தில் வெந்து இறங்கியது. இரண்டாவது படம் பாதியில் இருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பட்டென்று ஒரு சத்தம். திரை இருண்டது.

மத்தியானம் அந்தப் படத்தைப் பார்க்க நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். வேலை பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் போட்டுத் திறக்க அந்த வீட்டில் இன்னும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் மிச்சம். கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஏறினாள்.

ஓரகத்தி ஒரு கேள்வியும் கேட்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தாள். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்சமாவது கெத்துக் காட்டியிருந்தால் திட்டிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். படம் ஓடிக்கொண்டிருக்கையில் ஓரகத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க படத்துல ஜன்னல் வெளிச்சம் தரையில விழுறது நிஜம் மாதிரியே இருக்கு. நான் என்ன பண்ணாலும் டியூப்லைட் போட்ட மாதிரிதான் வருது. முதலாளி உங்க படத்தை எனக்கு அனுப்பி, 'இப்படிப் போடும்மா'ங்கறார். எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பொறாமையை இவ்வளவு எளிதாக வாய்விட்டுச் சொல்லமுடியும் என்பதே மில்லிமீட்டருக்கு அன்றுதான் தெரிந்தது. மனது ஒரு கணம் இளகியது. அடுத்த கணமே, சொல்லிக்கொடுத்தால் இதுவும் கைவிட்டுப் போய்விடுமே என்று உஷாரானது.

"சூரியனைக் கொஞ்சம் கீழ இறக்கி வை" என்றாள். அது பாதிதான். படத்தில் ஜன்னல் கண்ணாடியில் லேசாகத் தூசி படிய வைக்கவேண்டும் என்ற மீதியைச் சொல்லவில்லை.

கருகியது ஒட்டு வயரும் பவர் சப்ளையும்தான். பெரிய கார்டுக்கு ஒன்றும் ஆகாததால் அதை மாற்றிக்கொடுக்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். "கேபினட் பெருசுன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார். "துவைச்சேன், சுருங்கிடுச்சு" என்றாள். அவர் சிரித்ததில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதிய பவர் சப்ளையும், முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்த அந்த அரை உயரக் கார்டும் வாங்கிவந்தாள். அறுத்த தகட்டின் கூர்முனையைக் கணவன் அரம் கொண்டு ராவிக் கொடுத்தான். கார்டு சொன்னபடி உள்ளே போய் உட்கார்ந்தது. மூடியும் மூடியது. மேலே நாலைந்து படம் முடிகிற நேரத்தில் இங்கே ஒன்றுதான். ஆனால் அரைநாள் ஆன வேலை இப்போது குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும் என்றாகியிருந்தது. அப்படியும் மேலேயிருந்து படம் போய்விட்டது என்று தெரியும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஒரு குத்தல் இருக்கத்தான் செய்தது.

ஒருநாள் மத்தியானம் ஓரகத்தி அழுகிற தன் குட்டிப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தாள். கட்டிலில் கிடத்தித் தட்டிக்கொடுத்ததும் அவன் தூங்கிப்போனான். அப்போதுதான் திரையில் படம் வெந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"இது ஓடுதா அக்கா?"

"ஓடுதே."

குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தாள். "சத்தமே இல்லையே! மேல அதை ஓடவிட்டா மாவு மில் மாதிரி இருக்கு. இவன் கண்ணையே மூடமாட்டேங்கறான். பேசாம நானும் இந்த மாதிரியே வாங்கியிருக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அந்தக் குட்டிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை என்ன என்று மில்லிமீட்டருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"தினமும் இங்கயே கொண்டுவந்து தூங்க வையேன்" என்றாள், மனதார. டீ போட எழுந்து போனபோது அவளுக்குப் பாட்டுக்கூட வந்தது.