எங்கள் தெரு வடிகானை அளந்த ஒன்பது பேர்

உணவு முத்திரைக்கான படிவத்தை எங்கள் வீட்டில் நிரப்பியவள் நான். கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதப் பயின்றவள் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர், வயது, தொழில் என்று மூன்று நிரல்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற ஐயாவுக்கு 'ஓய்வூதியர்', அம்மாவுக்கு 'வீட்டுப்பணி', தம்பிக்கு 'மாணவன்' என்று எழுதிவிட்டு என் வரிசையில் பேனையை நிறுத்தினேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சியை முடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

படவரைஞர் என்று போடச் சொன்னார் ஐயா. அப்படிப் போட்டால் முத்திரை தரமாட்டார்கள், வேலையில்லை என்று போடு என்றார் அம்மா. நான் இரண்டையும் போட்டேன்: 'படவரைஞர், வேலையில்லை.' கிராம சேவகர் அதை வாசித்து, முதற் சொல்லின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"மற்றது மட்டும் காணும், பிள்ளை" என்றார்.

அந்த முத்திரையில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் வந்தன. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முத்திரைக்குச் சாமான் தரும் சங்கக்கடை வரிசையில் நிற்பவர்களுக்கு என் வேலை தேடும் விபரம் முழுவதும் தெரிந்திருந்தது. எந்தக் கந்தோரிலிருந்து பதில் வந்தது, எதிலிருந்து வரவில்லை என்று என்னைக் கேளாமலேயே அம்மாவிடம் விசாரித்துவிடுவார்கள்.

வேலை தேடுவதற்கென்று நான் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தேன். பதவி, முடிவு திகதி, அனுப்பிய திகதி, பதிவுத் தபால் இலக்கம், பதில் என்று கோடு போட்டிருந்தேன். கடைசி நிரலுக்கு அகலம் கூட விட்டது என் பிழை. அந்தத் தாளில் அதிக இடம் பிடித்த வெள்ளை அதுதான். இன்னொரு பக்கத்தில் தவறவிடக்கூடாத கடமைகள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழில் பதிவு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். நாள் தவறினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம். சான்றிதழ்ப் பிரதிகளில் சமாதான நீதவானின் கையெழுத்து வேண்டும், அவர் காலை பத்து மணிக்கு முன் நல்ல மனநிலையில் இருப்பார். செவ்வாய் தோறும் நூலகம்.

அரசாங்க வேலை அறிவிப்புகளோடு வெள்ளிக்கிழமை வெளியாகும் வர்த்தமானி எங்கள் நூலகத்துக்கு வந்து சேரச் செவ்வாய் ஆகிவிடும். ஒரே ஒரு பிரதி. வேலை தேடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஆள் இழுத்தால் கிழியும் என்று நூலகர் கோபித்ததால் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அநேகமாக வாசிப்பவர் எங்களில் பதிவு அட்டை மிகப் பழையதாக இருந்த ஒருவர். தச்சுப் பயிற்சி பெற்றவர், உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்ததால் அவரை நாங்கள் மூத்தவர் என்ற பொருளில் 'சிரேஷ்டர்' என்று அழைத்தோம். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் எப்போதும் கிண்ணியாத் தோழி இருப்பாள். கல்லூரியில் என்னோடு ஒரே மேசையில் வரைந்தவள். எங்கள் வகுப்பில் நாங்கள் இருவர்தான் பெண்கள். செவ்வாய்க்கிழமைகளில் விடியவே எழும்பி, கிண்ணியாவிலிருந்து பாதையில், அதாவது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இழுக்கும் அந்தத் தட்டைப் படகில், கடந்து வந்து, பஸ் பிடித்து, துறைமுகப் பக்கம் இறங்கி எங்கள் தெருவால் நடந்து என்னையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போவாள். அவளுடைய வாப்பா, மகளுக்கு வேலை கிடைக்கும்வரை கலியாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். ஆனால் வேலை எப்போது கிடைக்கும் என்று வாரம் ஒருதரம் கேட்பார்.

நான் விண்ணப்பக் கடிதம் எழுதினால் சிரேஷ்டர் அதைக் கேட்டு வாங்குவார். பிறகு அது மேசையைச் சுற்றிவரும். ஒரே வேலைக்கு ஒருவருக்கு எதிராக ஒருவர் போட்டியிடுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கடிதத்தைக் கைக்குள் மறைப்பது அந்த மேசையில் கெட்ட பழக்கமாகக் கருதப்பட்டது. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் கடிதத்தால் அல்ல என்று எல்லோரும் நம்பியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியிருக்க ஒரு செவ்வாய்க்கிழமை, திருகோணமலையிலேயே வீதிகளையும் மழைநீர் வடிகான்களையும் பார்க்கும் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு உதவிப் படவரைஞர் தேவை என்று வந்தது. ஒரே ஓர் இடம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் வரைதலும் போதும், பயிற்சி இருந்தால் விசேடம். சிரேஷ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். நான் மூன்றாந்தரம் நானே எடுத்து வாசித்தேன். பதினான்கு மாதத்தில் என் ஊரில், என் படிப்புக்கு வந்த முதல் இடம் அது. அது எனக்கு வேண்டும் என்று நான் அன்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வேண்டியிருந்தது.

கடிதத்தின் கடைசியில் புதிதாக ஒரு பந்தி சேர்த்தேன். உண்மையில் நடந்ததைத்தான் எழுதினேன். வேலையில்லாத மாதங்களில் கை பழக்கம் விட்டுப்போகாமலிருக்க, பக்கத்து வீட்டு மேசனாரின் அளவு நாடாவை வாங்கி, எங்கள் தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்து, வீடுகள், மதில்கள், வடிகான் எல்லாவற்றையும் அளவுத்திட்டப்படி வரைந்திருந்தேன். 'வேலையற்றிருந்த காலத்தில் எமது தெருவையும் அதன் வடிகானையும் அளந்து வரைந்துள்ளேன்' என்று எழுதி, கடிதத்தை வழக்கம்போல் மேசையில் வைத்தேன்.

நேர்முகப் பரீட்சைக்கு ஒன்பது பேர் அழைக்கப்பட்டோம். ஒன்பது பேரும் எங்கள் மேசைக்காரர். கந்தோர் விறாந்தையில் நீளப் பலகை வாங்கில் வரிசையாக இருந்தபோது, முதலில் உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் வியர்த்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன கேட்டார்கள் என்று எல்லோரும் கேட்டோம்.

"எந்தத் தெருவை அளந்தனீர் எண்டு கேட்டவர்" என்றார் அவர். "எந்தத் தெரு?"

அப்போதுதான் தெரிந்தது. மேசையைச் சுற்றிய என் கடிதத்தை எட்டுப் பேரும் கடைசிப் பந்தியோடு சேர்த்துப் பிரதி பண்ணியிருந்தார்கள். வாங்கு முழுவதும் என் பக்கம் திரும்பியது. ஒருவர் தெருவின் நீளம் கேட்டார், ஒருவர் வடிகானின் அகலம் கேட்டார். சிரேஷ்டர் மட்டும் பதறவில்லை. தான் உப்புவெளித் தெருவைச் சொல்லிக்கொள்வதாகவும், அங்கே வடிகான் இல்லாவிட்டாலும் சமாளிப்பதாகவும் சொல்லி உள்ளே போனார். திரும்பி வந்து, அங்கே வடிகான் இல்லை என்பது அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கிறது என்றார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வந்தது. ஆனால் மற்றவர்களின் முகங்களைப் பார்க்க அதைவிடச் சிரிப்பு வந்தது. அழைப்புக் கடித உறையின் பின்பக்கத்தில் தெருவைச் சிறிதாக வரைந்து, அளவுகளைப் போட்டு, வடிகானில் தண்ணீர் ஓடும் திசைக்கு எங்கள் குடாக்கடல் பக்கமாக ஓர் அம்புக்குறியும் போட்டு, வாங்கில் கைமாற விட்டேன். அது என் தோழியிடம் வந்தபோது அவள் அதைக் கனநேரம் பார்த்தாள்.

"புள்ள, இந்த அம்பு பிழை" என்றாள்.

"கடல் அந்தப் பக்கம்தானே?"

"மற்றப் பக்கமும் கடல்தானே. மழைக்க நான் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு வாறனான். தண்ணி என்ர காலுக்கு எதிராத்தான் வாறது."

நான் அளந்தவள். அவள் நடந்து வருகிறவள். எங்கள் ஊர் இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஆனாலும் குடாப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்குக் கடல் என்றால் எங்கள் முற்றத்தில் இரைவது ஒன்றுதான், மற்றது துறைமுகம். அவளிடம், நாடா பிடித்துப் பார்த்தது நான் என்று சொல்லிவிட்டேன். அவள் உறையை மடித்து என்னிடமே தந்தாள்.

எட்டாவது ஆளாக நான் போனேன். நடுவில் இருந்த பொறியியலாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நானும் தெரு அளந்தேனா என்று கேட்டார். நான்தான் அளந்தேன், மற்றவர்கள் என் கடிதத்தைப் பார்த்து எழுதியவர்கள் என்றேன். ஏன் காட்டினேன் என்று கேட்டார். அது எங்கள் வழக்கம் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைசி ஆளையும் பார்த்து முடித்த பிறகு எங்கள் ஒன்பது பேரையும் ஒரே அறைக்குள் விட்டு, ஆளுக்கொரு தாள் தந்தார். அளந்ததாகச் சொன்ன தெருவை இருபது நிமிடத்தில் வரைய வேண்டும்.

சிரேஷ்டர் ஓர் அழகான கதவு வரைந்தார், யன்னலும் வரைந்தார். என் தாள் சுத்தமாக வந்தது, எழுத்துகள் அச்சுப்போல் நின்றன. தாள்களைப் பார்த்த பொறியியலாளர் என்னையும் தோழியையும் மட்டும் மறித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவளுடைய வடிகானில் இரண்டு அம்புகள் இருந்தன. நடுவிலிருந்து ஒன்று குடாப் பக்கம், ஒன்று துறைமுகப் பக்கம்.

"நீங்கள் தெருவின்ர மேடு பள்ளம், மட்டம் பார்த்தனீங்களோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. ஊகிச்சுப் போட்டனான்."

அவளையும் கேட்டார். மட்டம் பார்க்கவில்லை, தெரு முழுக்க மழையில் நடந்திருக்கிறேன் என்றாள். அவர் தலையாட்டினார். படம் என்னுடையது நல்லது, தண்ணீர் அவளுடையதுதான் சரி என்றார். மழைகாலத்தில் தனக்குத் தேவை தண்ணீர் போகும் திசை என்றும் சொன்னார்.

மூன்று வாரத்தில் நியமனக் கடிதம் அவளுக்குப் போயிற்று. அதைச் சொல்ல அவள் வந்தது செவ்வாய்க்கிழமை அல்ல, வியாழக்கிழமை. அதனால் வாசல் படலையில் அவளைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. "உனக்கு வரவேண்டியது" என்றாள். பிழையான அம்புக்குச் சம்பளம் தருவதற்கு யாரும் இல்லை என்றேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, சீனி கூடப் போட்டதாகச் சொல்லிக் குசினிக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு நாள் என் பழைய படத்தையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவலையைவிட, அந்த அம்பு. வாங்கில் அவள் சொன்னபோது கேட்டிருக்கலாம். மூன்றாம் நாள் மேசனாரிடம் போய், இந்தமுறை நாடாவை விட்டு, நீளமான, உள்ளே இருப்பது தெரியும் ரப்பர்க் குழாயைக் கேட்டேன். அதற்குள் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். சுவர் கட்டும்போது மேசன்மார் செய்வது. ஒரு முனையை அம்மா பிடித்தார், மறு முனையை நான். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன தேடுகிறோம் என்று ஒருவர் கேட்டார். மகள் தெருவுக்குக் காய்ச்சல் பார்க்கிறாள் என்றார் அம்மா, குழாயை ஆட்டாமல். பின்னேரம் முடிந்தபோது தெருவின் மேடு எங்கே என்று தெரிந்தது: சரியாக எங்கள் வீட்டு வாசல். எங்கள் படலையின் இடது பக்கம் விழும் மழை ஒரு கடலுக்கும், வலது பக்கம் விழுவது மற்றக் கடலுக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இருபத்துமூன்று வருடமாக நான் அதைக் கடந்து போய்வந்திருக்கிறேன்.

திருத்திய படத்தைப் பொறியியலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூட வைத்த கடிதத்தில் நான்கு வரிதான். வேலை கேட்கவில்லை. மட்டம் பார்த்துவிட்டேன், அன்று தோழி வரைந்த படம் சரி, என்னுடையது பிழை என்று மட்டும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தபோது சிரேஷ்டர் வாசித்துவிட்டு, இதில் பிரதி பண்ண ஒன்றும் இல்லையே என்று குறைப்பட்டார்.

இரண்டு மாதத்தின் பின் அதே கந்தோரிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நிரந்தரம் அல்ல, நாட்கூலி, ஆறு மாதத்துக்கு. வீதிகளின் மட்டம் எடுக்கும் குழுவுக்கு ஒருவர் தேவை.

முதல் நாள் எங்களை அனுப்பியது கிண்ணியாப் பாதைத்துறைக்கு. படகில் ஏறும் வீதி மழைக்குக் கரைந்து போயிருந்தது, அதை அளக்க வேண்டும். குழுவில் தோழி இரண்டு மாதம் மூத்தவள். வெயிலில் அளவுகோலைப் பிடித்து நிற்கும் வேலையை எனக்குத் தந்துவிட்டு, தான் குடை நிழலில் நின்று வாசிப்புகளை எழுதினாள். நேராகப் பிடி, மூச்சு விடாதே என்று தூரத்திலிருந்து அதிகாரம் பண்ணினாள். மத்தியானம் அவளுடைய உம்மா, எங்கள் குழுவில் ஐந்து பேர் என்று கேள்விப்பட்டு, பத்துப் பேருக்குச் சோறும் மீனும் அனுப்பியிருந்தார். அவளுடைய வாப்பா தானே தூக்குச்சட்டியைச் சுமந்து வந்து, நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை மட்டக்கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரை ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்று கேட்டார். கருவி அப்படித்தான் காட்டும் என்று அவள் சொன்னாள். அவர் மறுபடியும் குனிந்தார். பின்னேர வேலையை அரை மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்க முடிந்தது.